சாத்தினால் திறக்கும் கதவு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்றுதான் கதைகள் தொடங்கும். இந்தக் காட்டிலும் ஒரு சிங்கம் இருந்தது. ஆனால் அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. இதில் வருவது ஒரு கடை.

கடைக்காரன் ஒரு கீரி. பெயர் பிடிகொடான். பாம்பு கொத்த வந்தால் கீரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நிற்பதுபோல் நிற்கும். பாம்பு அங்கே கொத்தும்போது அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கும். யாராவது கேள்வி கேட்டாலும் பிடிகொடான் அப்படித்தான் செய்யும்.

ஆற்றங்கரையில், இரண்டு பெரிய பாறைகளுக்குப் பின்னால் இருந்தது அதன் கடை. பாய், பானை, முறம், உறி, கட்டில், கதவு என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். பாறைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிதான் வாசல். வாசலுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. "இங்கு விற்கும் எல்லாப் பொருள்களுக்கும் ஆயுள் உத்தரவாதம்" என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து மிக அழகாக இருந்ததால், படித்தவர்கள் எழுத்தைப் பாராட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

அதே காட்டில் சுருளாயி என்று ஓர் அழுங்கு இருந்தது. எறும்புதின்னியைத்தான் அழுங்கு என்பார்கள். தலைமுதல் வால்வரை ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள். பயம் வந்தால் தலையை வயிற்றில் புதைத்து, வாலால் தன்னையே சுற்றிக்கொண்டு பந்தாகிவிடும். மற்ற அழுங்குகள் சிறுத்தையைக் கண்டால் பந்தாகும். சுருளாயிக்குச் சிறுத்தை தேவையில்லை. யாராவது சற்று உரக்கப் பேசினாலே போதும். அத்தனை கூச்சம்.

அந்த வருடம் அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. குட்டியின் செதில்கள் இன்னும் முற்றவில்லை. வெள்ளரிப்பிஞ்சுத் தோல்போல மெத்தென்று இருந்தன. சுருளாயியின் வளையோ ஒரு சரிவில் இருந்தது. ஐப்பசி பிறந்தால் அடைமழை பிடிக்கும். தண்ணீர் வளைக்குள் புகுந்தால் தாய் சமாளித்துக்கொள்ளும். குட்டி பிழைக்காது.

ஆகவே மழைக்கு முன் வளைக்கு ஒரு நல்ல கதவு போட்டுவிட வேண்டும் என்று சுருளாயி முடிவு செய்தது. கோடை முழுவதும் கூடை கூடையாகப் புற்றுமண் சுமந்து கடையில் போட்டது. அதற்கு ஈடாகப் பிடிகொடான் ஒரு கதவு கொடுத்தது.

"ஆயுள் உத்தரவாதம், அக்கா. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்," என்றது.

சுருளாயி எப்போதுமே யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டே வாங்கியது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, கதவைச் சாத்தியது. கதவு திறந்துகொண்டது. மறுபடியும் சாத்தியது. மறுபடியும் திறந்துகொண்டது. மூன்றாம் தடவை முதுகைக் கொடுத்துத் தள்ளிச் சாத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, விருந்தாளியை வரவேற்பதுபோல் கதவு மெல்ல, மரியாதையாகத் திறந்தது.

குட்டிக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. சுருளாயிக்கு அப்படி இல்லை. குனிந்து மரத்தை முகர்ந்து பார்த்தது. பச்சை வாசனை அடித்தது. வெட்டிய மரத்தைக் காயவிடாமல் அப்படியே இழைத்துக் கதவாக்கியிருக்கிறார்கள். வெயில் பட்டதும் பலகை முறுக்கிக்கொண்டுவிட்டது. மேல்மூலை நிலையில் பொருந்தினால் கீழ்மூலை எழுந்து நின்றது. கீழ்மூலையை அழுத்தினால் மேல்மூலை எட்டிப் பார்த்தது.

மறுநாள் சுருளாயி கடைக்குப் புறப்பட்டது. "கதவைச் சாத்த முடியவில்லை, மாற்றித் தாருங்கள்" என்று வழிநெடுக மரங்களிடம் சொல்லிப் பழகிக்கொண்டே போனது. மரங்கள் எதுவும் மறுத்துப் பேசாததால் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிடிகொடான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு கையைத் தட்டியது.

"தானாகத் திறக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், அக்கா. குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், இரண்டு கையிலும் வேலை இருக்கும், கதவு தானே வழிவிடும். இந்த வசதிக்காக நான் உங்களிடம் தனியாக ஒன்றுமே வாங்கவில்லை பாருங்கள்."

தான் குட்டியை வாலில் சுமப்பதாகவும், கைகள் சும்மாதான் இருக்கின்றன என்றும் சுருளாயி சொல்ல நினைத்தது. அது நினைத்து முடிப்பதற்குள் நன்றி சொல்லிவிட்டுப் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது.

அந்த வாரம் ஒரு தூறல் போட்டது. பெரிய மழை இல்லை. ஆனாலும் கதவின் கீழ்மூலை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து குட்டியின் படுக்கையை நனைத்தது. குட்டி தும்ம ஆரம்பித்தது. சுருளாயி படுக்கைச் சருகுகளை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் கடைக்குப் போனது.

இந்த முறை பிடிகொடான் கவலைப்பட்டது. உண்மையாகவே கவலைப்பட்டதுபோல் இருந்தது. கதவு நேராகத்தான் இருக்கிறது, வீடுதான் கோணலாக இருக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டை மாற்றிப் பார்த்தீர்களா என்றும் கேட்டது. சுருளாயி தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்து, சரி, ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், நீங்கள் வீட்டிலேயே இருங்கள், வெளியே எங்கும் போய்விடாதீர்கள் என்று அனுப்பிவைத்தது.

சுருளாயி எங்கும் போகவில்லை. எறும்பு தேடக்கூடப் போகவில்லை. நாலு நாள் அரைவயிற்றோடு காத்திருந்தது. ஆள் வரவில்லை. ஐந்தாம் நாள், கடைப் பக்கமிருந்து வந்த ஒரு மைனாவிடம் விசாரித்தது. ஆளை அன்றைக்கே அனுப்பிவிட்டதாகக் கீரி சொல்கிறதாம். அது பொய்யில்லை. அனுப்பிய ஆள் நத்தை. நத்தை அப்போதுதான் மருதமரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அன்று காலை கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. ஆற்றுக்கு அப்பால் இடி உருண்டது. மாலைக்குள் மழை வந்துவிடும் என்று எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. சுருளாயி அவற்றைச் சாப்பிடக்கூட நிற்கவில்லை. குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தது.

வாசலில் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, பலகையைக் காட்டியது.

"ஆயுள் உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறதே, தம்பி."

"எழுதியிருக்கிறது. நான் இல்லை என்றேனா?"

"அப்படியானால் கதவை மாற்றித் தர வேண்டும்."

"அதில் யாருடைய ஆயுள் என்று எழுதியிருக்கிறதா, அக்கா?"

சுருளாயி பலகையை மறுபடி படித்தது. எழுதியிருக்கவில்லை.

"ஈசலின் ஆயுள்," என்றது கீரி. "ஈசல் எத்தனை நேரம் உயிரோடு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதைப் பிடித்துச் சாப்பிடுகிறவரே நீங்கள்தானே. நீங்கள் கதவை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் உத்தரவாதம் முடிந்துவிட்டது."

கடைக்குள் உறி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மைனாக்கள் சிரித்துவிட்டன.

சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம். சுருளாயி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டது, தலையைப் புதைத்தது, வாலைச் சுற்றியது. பந்தாகிவிட்டது. சண்டைபோட வேண்டும் என்றோ, மறியல் செய்ய வேண்டும் என்றோ அது நினைக்கவில்லை. பாவம், அதற்குக் கூச்சம். ஆனால் அது சுருண்ட இடம் கடையின் வாசல். இரண்டு பாறைகளுக்கும் நடுவில், குடுவைக்குத் தக்கை வைத்ததுபோல் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

பிடிகொடான் முதலில் அன்பாகக் கூப்பிட்டது. பிறகு தள்ளிப் பார்த்தது. கட்டில் காலை இடுக்கில் விட்டு நெம்பிப் பார்த்தது. கட்டில் கால் ஒடிந்தது. சிறுத்தையாலேயே பிரிக்க முடியாத பந்தைக் கீரியால் என்ன செய்ய முடியும்? சத்தம் போட்டால் இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. உள்ளே இருந்த மைனாக்கள் பாறைக்கு மேலாகப் பறந்து போய்விட்டன. சாமான் வாங்க வந்த மானும் முயலும் வாசல் அடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கடைக்கு விடுமுறை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு திரும்பின.

அந்த நேரம் பார்த்து ஒரு பிடி வந்தது. பெண் யானையைப் பிடி என்றும் சொல்வதுண்டு. பிடிகொடானுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

வந்த யானையின் பெயர் பேராச்சி. தை மாதம் அதன் மகளுக்குக் கல்யாணம். சீர்வரிசைச் சாமான்கள் முழுவதையும் ஒரே கடையில் வாங்கிவிடலாம் என்று அக்கா, தங்கை, நாத்தனார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. யானைப் பானை, யானைப் பாய், யானைக் கட்டில். ஆடி மாதத்திலிருந்து பிடிகொடான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வியாபாரம் அது. ஆனால் பேராச்சியிடம் ஒரு குணம் உண்டு. எதையும் விசாரிக்காமல் வாங்காது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை மறக்கவும் செய்யாது.

அது வாசலில் நின்று குனிந்து பார்த்தது.

"இது என்ன, தம்பி, வழியில்?"

ஏமாந்த ஒரு வாடிக்கையாளர் என்று சொன்னால் சீர்வரிசை வேறு கடைக்குப் போய்விடும். பிடிகொடான் பாறைமேல் ஏறி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவியது.

"கால்மணை, அம்மா. காலை வைத்துக்கொண்டு உட்காரலாம். புதுச் சரக்கு. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று முன்னால் வைத்திருக்கிறேன்."

பேராச்சி தும்பிக்கையால் மெல்லத் தடவிப் பார்த்தது. வேலைப்பாடு நன்றாக இருப்பதாகத் தங்கையிடம் சொன்னது. ஆனால் சூடாக இருக்கிறதே என்று கேட்டது. பனிக்காலத்தில் கால் குளிரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தது என்றது கீரி. அப்போது பந்துக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"தும்முகிறதே," என்றது பேராச்சி.

"உள்ளே காற்று அடைத்திருக்கிறோம், அம்மா. புதிது அல்லவா, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்."

நாத்தனார் யானைக்கு இதில் சந்தேகம். ஆனால் பேராச்சிக்குப் பொருள் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் காலில் ஆணி, இதன்மேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும் என்றது. பிறகு நிமிர்ந்து பலகையைப் படித்தது. அழகான எழுத்து என்று அது பாராட்டவில்லை.

"ஆயுள் என்று போட்டிருக்கிறதே, யாருடைய ஆயுள்?"

பிடிகொடானுக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. ஈசல் என்று சொல்ல முடியாது. ஏழு யானைகள், பதினான்கு பெரிய காதுகள், எல்லாம் விரிந்து நின்றன.

"வாங்குகிறவர் ஆயுள்தான், அம்மா. இதில் என்ன சந்தேகம்?"

"எல்லாப் பொருளுக்குமா?"

"எல்லாவற்றுக்கும். பானையானாலும் சரி, கதவானாலும் சரி. பழுது என்று வந்து நின்றால் மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருவதுதான் நம் கடை வழக்கம்."

பந்துக்குள் சுருளாயி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. யார் முகமும் தெரியவில்லை. யாரும் தன் முகத்தைப் பார்க்கவும் முடியாது. இப்படி ஓர் இடத்திலிருந்து பேசுவது எத்தனை சுலபம் என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்படியானால் என் கதவுக்கும் என் ஆயுள்தானே, தம்பி?"

யானைகள் ஓர் அடி பின்வாங்கின.

"கால்மணை பேசுகிறது," என்றது நாத்தனார்.

பிடிகொடான் இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. இரண்டு பக்கமும் யானைக்கால்கள்.

பேராச்சி முன்காலை மடித்து, பந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. என்ன கதவு, எப்போது வாங்கியது, என்ன பழுது என்று ஒவ்வொன்றாக விசாரித்தது. பந்தும் ஒவ்வொன்றாகச் சொன்னது. கோடை முழுவதும் புற்றுமண் சுமந்ததைச் சொன்னது, பச்சை மரத்தைச் சொன்னது, தானாகத் திறக்கும் வசதியையும், வீட்டை மாற்றிப் பார்க்கச் சொன்ன யோசனையையும் சொன்னது, நத்தையைச் சொன்னது, ஈசலைச் சொன்னது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மரங்களிடம் சொல்லும்போதுகூட அது இத்தனை தெளிவாகப் பேசியதில்லை. கடைசியில் குட்டியைப் பற்றிச் சொன்னது. இன்றைக்கு மழை வந்தால் வளைக்குள் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும், குட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றது.

யானைகள் வானத்தை அண்ணாந்து பார்த்தன. பிறகு எல்லாம் சேர்ந்து கீரியைப் பார்த்தன.

"தெரியாமல் நடந்துவிட்டது, அம்மா," என்றது பிடிகொடான். "நாளைக்கே ஓர் ஆளை அனுப்பி…"

"நத்தையையா?" என்று பந்து கேட்டது.

நாத்தனார் யானை சிரித்ததில் பாறை அதிர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இந்தச் சிரிப்புக்குச் சுருளாயி இன்னும் இறுகிக்கொள்ளவில்லை.

பேராச்சி சிரிக்கவில்லை. அதன் மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளை நாலு மலைக்கு அப்பால் இருக்கிற காட்டைச் சேர்ந்தவன்.

"தம்பி, சீர் வாங்கிக்கொண்டு என் பெண் தூரதேசம் போகிறாள். அங்கே பானை ஒழுகினால் அவள் என்ன செய்வாள்? இந்த அம்மாள் வாசலில் சுருண்டுகொண்டாள், கேட்க நான் வந்தேன். யானைக்குச் சுருளவும் தெரியாது. வாங்குகிறவர் ஆயுள் என்று இப்போதுதான் சொன்னாய். கதவானாலும் சரி என்றாய். மறுபேச்சு இல்லாமல் என்றும் சொன்னாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. முதலில் அந்தக் கதவைச் சாத்த வழி செய். பானையைப் பற்றிப் பிறகு பேசுவோம்."

பிடிகொடான் பாறைமேல் ஏறி உள்ளே குதித்தது. கடையில் ஏழெட்டுக் கதவுகள் சாய்த்து வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் பேராச்சி பாறைக்கு மேலாகத் தும்பிக்கையை நீட்டி முகர்ந்து பார்த்தது. எல்லாம் பச்சை. காய்ந்த மரத்தில் செய்த கதவே இந்தக் காட்டில் இல்லையா என்று அது கேட்டது.

பிடிகொடான் தும்பிக்கையைப் பார்த்தது. அதன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாவுவதற்கு இடமில்லை.

"ஒன்று இருக்கிறது," என்றது கடைசியில். "என் வீட்டில் மாட்டியிருக்கிறேன்."

முதல் பெருந்துளிகள் விழத் தொடங்கியபோது காட்டு வழியில் ஓர் ஊர்வலம் போயிற்று. முன்னால் பேராச்சி, அதன் தும்பிக்கையில், முட்டையை ஏந்துவதுபோல் ஏந்திய பந்து. பந்து உள்ளிருந்தபடியே, வலப்பக்கம், புளியமரத்தடியில் திரும்ப வேண்டும் என்று வழி சொல்லிக்கொண்டு வந்தது. பின்னால் தன் வீட்டுக் கதவை முதுகில் கட்டி இழுத்துக்கொண்டு பிடிகொடான். அதற்கும் பின்னால் ஆறு யானைகள், கீரி வழி மாறிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்காக. வழியில் எதிர்ப்பட்ட நத்தையிடம், இனி வரவேண்டாம், திரும்பிப் போகலாம் என்று பேராச்சி சொன்னது. நத்தை பெருமூச்சு விட்டுத் திரும்ப ஆரம்பித்தது.

பிடிகொடான் முறுக்கிய கதவைக் கழற்றியது. சொந்தக் கதவை நிலையில் பொருத்தியது. மேல்மூலை சற்று இடித்தது. ஆள் வேறு யாரும் இல்லாததால் அதுவே பல்லால் கொறித்துச் சரிசெய்தது. அந்த வேலை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீரியின் உடம்பெல்லாம் சேறு. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பேராச்சி பந்தை மெதுவாக வளைக்குள் உருட்டிவிட்டது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து நீண்ட நகங்களோடு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கதவின் விளிம்பைப் பற்றி இழுத்தது. டொக் என்று ஒரு சத்தம்.

மழை சரிவில் ஓடைபோல இறங்கி, கதவில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது.

"சரியாகச் சாத்த முடிகிறதா, அம்மா?" என்று பேராச்சி உரக்கக் கேட்டது.

ஏழு யானைகளும் ஒரு கீரியும் மழையில் நனைந்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றன. வெகுநேரம் நின்றன.

கதவு திறக்கவே இல்லை.

நீதி: பழுதான பொருளை மாற்றித் தராமல் சொல்லின் பொருளை மாற்றுகிறவர், நாலு பேர் முன்னால் தம் சொல்லிலேயே மாட்டிக்கொள்வார்.